பல்லுக்கு கேப் போட்டவர்களுக்கு: அது பல வருஷம் உழைக்க முழுமையான வழிகாட்டி

போன மாதம் எங்கள் லேபுக்கு ஒரு தீப்பெட்டி வந்தது. திறந்தால் பஞ்சுக்குள் ஒரு கடைவாய்ப் பல் கேப். வெளியே பளபளவென்று இருந்தது, கீறல்கூட இல்லை. மேலே வெட்டியிருந்த பள்ளங்களைப் பார்த்ததுமே என் கைவேலை என்று தெரிந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தேன். டீயில் ஊறின பிஸ்கட் நிறத்தில் பல்லின் மேல்பாதி உள்ளே ஒட்டிக்கிடந்தது. நகத்தால் தொட்டதும் ஈரமண் மாதிரி உதிர்ந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. பல் உள்ளுக்குள்ளேயே சொத்தையாகி, ஈறோடு முறிந்து, கேப்பையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அதைப் போட்டிருந்த அண்ணனுக்கு அன்றைக்குவரை வலியே இல்லையாம். பரோட்டாவைப் பிய்த்து வாயில் வைத்தவர், மெல்லும்போது கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு பல் லேபில் 22 வருஷமாக கேப் செய்கிறேன். லேபுக்கு மேல்மாடியில் கிளினிக் இருப்பதால் ஷேடு, அதாவது பல் நிறம், பார்க்க வருகிறவர்களையும், பழைய கேப்போடு திரும்பி வருகிறவர்களையும் நேரில் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: கேப் உடைந்து திரும்பி வருவது குறைவு. ஈறோரத்தில் கேப்பும் பல்லும் சேருகிற அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விட்டுத் திரும்பி வருவதுதான் அதிகம். பாதுகாத்தால் 10 முதல் 15 வருஷம், அதற்கு மேலும் உழைக்கிற சாமான், நாலைந்து வருஷத்தில் குப்பைக்குப் போவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வாயில் இருப்பது என்ன

கேப் போட டாக்டர் உங்கள் பல்லை மேலேயும் சுற்றியும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி எடுக்கிறார். பிறகு அளவு எடுத்து லேபுக்கு அனுப்புகிறார். நாங்கள் அந்த அளவில் மாதிரிப் பல் வார்த்து, அதன்மேல் கேப்பை உருவாக்குகிறோம். இப்போது இங்கே புழங்குவது மூன்று வகை: முழு மெட்டல், மெட்டல் மேல் செராமிக், ஜிர்கோனியா. ஜிர்கோனியா முதலில் சாக்பீஸ் மாதிரி மெத்தென்ற வெள்ளைக் கட்டியாக வரும். அதை மெஷினில் வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடுப்பில் வைப்போம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, இரும்பைப் போல இறுகி வெளியே வரும். அதன் கெட்டியைப் பார்த்தால் இதற்கு ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும்.

கேப்புக்கு ஆகாது. அது மூடியிருக்கிற பல்லுக்கு ஆகும். கேப்பின் விளிம்பு பல்லில் உட்காருகிற இடத்துக்கு மார்ஜின் என்று பெயர். அங்கே இடைவெளி ஒரு தலைமுடி கனத்துக்கு மேல் போகக்கூடாது என்றுதான் பூதக்கண்ணாடி வைத்து வேலை செய்கிறோம். அந்த மெல்லிய இடைவெளியை அடைத்திருப்பது சிமெண்ட். எவ்வளவு சுத்தமான வேலையாக இருந்தாலும் அது ஒரு சந்துதான். சந்தில் அழுக்கு சேரும், அழுக்கில் கிருமி வளரும், கிருமி இனிப்பைத் தின்று அமிலம் விடும். வயதாகி ஈறு கொஞ்சம் இறங்கினால் கோட்டுக்குக் கீழே வேர்ப்பகுதி வெளியே தெரியும். வேரின்மேல் எனாமல் என்கிற கெட்டியான மேலுறை கிடையாது. அமிலத்தை அளக்கிற பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; எனாமல் கரைய அது 5.5க்குக் கீழே போகவேண்டும், வேர் 6.5 பக்கத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. கேப் போட்ட பல்லில் பெரும்பாலானவை ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தவை. உள்ளே நரம்பு இல்லை. சொத்தை விழுந்தாலும் வலிக்காது. "வலி இல்லை, அதனால் நல்லா இருக்கு" என்கிற கணக்கு கேப் போட்ட பல்லுக்குச் செல்லாது. தீப்பெட்டி அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

படி 1: தற்காலிக கேப் போட்டிருக்கும் நாட்கள்

அளவு எடுத்த அன்று ஒரு பிளாஸ்டிக் கேப் போட்டு அனுப்புவார்கள். லேசான சிமெண்டில்தான் ஒட்டியிருக்கும். பல இடங்களில் கிராம்பு எண்ணெய் கலந்த சிமெண்ட், வாயில் அந்த வாசனை அடிக்கும். திரும்பக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒட்டுகிறார்கள். இந்த நாட்களில் கமர்கட், கடலைமிட்டாய், ஜவ்வு மிட்டாய் வேண்டாம், மறுபக்கம் மெல்லுங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நூல் போட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள், இல்லையென்றால் கேப் நூலோடு வந்துவிடும்.

அது கழன்று விழுந்தால் "நிரந்தர கேப்தான் வரப்போகுதே" என்று விட்டுவிடாதீர்கள். சீவின பல் திறந்து கிடந்தால் பக்கத்துப் பற்கள் சாய ஆரம்பிக்கும், எதிர்ப்பல் இறங்கும். நாங்கள் பத்து நாளைக்கு முந்தைய அளவில் செய்த கேப் பிறகு உட்காராது. உட்கார வைக்கத் தேய்த்துத் தேய்த்துச் சரிக்கட்டினால் மார்ஜின் கெட்டுவிடும். தற்காலிக கேப்பிலேயே காலத்தை ஓட்டுவதும் இதே கேடுதான். திருவிழா, கல்யாணம் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டு வந்து, திரும்ப அளவு எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

படி 2: பொருத்துகிற நாளில் நீங்கள் பார்க்க வேண்டியது

ஒட்டுவதற்கு முன் கேப்பைச் சும்மா வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் உங்களுடையது, கண்ணாடி கேட்டு வாங்குங்கள். முன்பல்லாக இருந்தால் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும். ஒட்டினபிறகு நிறம் மாற்ற முடியாது. பல்லை வெளுக்க வைக்கும் மருந்துகூட செராமிக்கில் ஏறாது.

அடுத்து கடி. நீலமோ சிவப்போ ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கேப் உயரமாக இருக்கும் இடத்தில் மை ஒட்டும், அதைத் தேய்த்து எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் கடி சரியாகத் தெரியாது, "சரியா இருக்கு டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருவோம். ராத்திரி மரப்பு விட்டதும்தான் அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுவது தெரியும். அப்படித் தெரிந்தால் மறுநாளே போங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உசிலம்பட்டியில் இருக்கும் எங்கம்மாவுக்கு முதன்முதலில் கேப் போட்டது வேறொரு கிளினிக்கில். கடிக்கும்போது தட்டுகிறது என்று அம்மா சொன்னதற்கு, "போகப் போகச் சரியாயிரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரே பக்கமாக மென்றிருக்கிறது. கடைசியில் கேப்புக்கு நேர் மேலே இருந்த நல்ல பல்லில் விரிசல். கேப் போகப் போகச் சரியாகாது. ஒரு காகிதக் கனம் உயரமாக இருந்தாலும் அத்தனை கடியும் அந்த ஒரு பல்லில்தான் இறங்கும். தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நிமிஷம் போதும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, இடுக்கு. கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே ஃப்ளாஸ் நூல் லேசான "டக்" சத்தத்தோடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் இடைவெளி அதிகம், கறி நார் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அங்கே போய் மாட்டும். புது கேப் போட்டபிறகு ஒரே இடத்தில் தினம் உணவு சிக்குகிறது என்றால் அது உங்கள் சாப்பாட்டுப் பழக்கத்தின் குற்றம் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். லேபுக்குத் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கம் செராமிக் ஏற்றித் தருவோம் அல்லது வேறு செய்து தருவோம். ஒட்டுவதற்கு முன்னால் சொன்னால் எல்லாருக்கும் வேலை சுலபம்.

படி 3: முதல் 24 மணி நேரம்

சிமெண்ட் சில நிமிஷத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஆனால் பல வகைகள் முழுப் பலத்துக்கு வர ஒருநாள் ஆகும். மரப்பு போகும்வரை சாப்பிட வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். அன்றைக்கு இட்லி, தயிர்சாதம், மறுபக்கம் மெல்லுதல். அவ்வளவுதான்.

உயிருள்ள பல்லின்மேல் கேப் போட்டிருந்தால் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்வரை, குளிர்ச்சிக்குக் கூச்சம் இருக்கலாம். ஜிகர்தண்டா குடித்தால் சுரீர் என்று ஏறி, உடனே அடங்கினால் பயமில்லை. சூடான காபி பட்டதும் வலி ஆரம்பித்து விடாமல் நின்றாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரை போட்டு ஓட்டாமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

படி 4: தினமும் செய்ய வேண்டியது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் பாதி தானாக நடக்கும்.

மிருதுவான பிரஷ், அதாவது பாக்கெட்டில் சாஃப்ட் என்று போட்டிருப்பது. பேஸ்டில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். 1,000 பிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. பெரும்பாலானவர்கள் கேப்பின் மேல்பாகத்தைத்தான் பளிச்சென்று தேய்க்கிறார்கள். அங்கே தேய்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரஷ் முடியின் பாதி ஈறிலும் பாதி கேப்பிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அந்த இடத்திலேயே சிறுசிறு அசைவாக, பத்துத் தடவை. அழுத்தம் வேண்டாம், பேனா பிடிப்பது மாதிரி விரல்களால் பிடித்தால் போதும், முஷ்டி மடக்கிப் பிடித்தால் அழுத்தம் தானாக ஏறும். வெளிப்பக்கம் முடிந்ததும் நாக்குப் பக்கமும் அதே மாதிரி. கடைசிக் கடைவாய்ப் பல்லில் கேப் இருந்தால் அதன் பின்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் போகாது. பாதி மூடி, தாடையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் இடம் கிடைக்கும். மொத்தம் இரண்டு நிமிஷம், காலையும் இரவும். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் குறையும், கிருமிக்கு அதுதான் வசதியான நேரம். துப்பினபிறகு நாலைந்து தடவை கொப்பளித்து ஃபுளோரைடை எல்லாம் கழுவிவிட வேண்டாம். ஒருதடவை துப்பினால் போதும்.

அடுத்து இடுக்கு. பிரஷ் இடுக்குக்குள் போகாது, கேப்பின் மார்ஜினில் பாதி இடுக்கில்தான் இருக்கிறது. ஃப்ளாஸ் நூல் மதுரையில் பெரிய மெடிக்கல் ஷாப் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, இரண்டு கை நடுவிரலிலும் சுற்றி, நடுவில் ஒரு அங்குலம் மட்டும் விட்டுப் பிடியுங்கள். ரம்பம் அறுப்பது மாதிரி முன்னும் பின்னும் அசைத்து இறக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ஈறு வெட்டிவிடும். இறங்கினதும் நூலைக் கேப்பின்மேல் வளைத்து அணைத்து, ஈறுக்குள் லேசாகப் போகும்வரை கீழே கொண்டுபோய், மேலும் கீழுமாக நாலைந்து தடவை வழியுங்கள். முதல் வாரம் ரத்தம் வரலாம். பயந்து நிறுத்துவார்கள், அதுதான் தப்பு. ஈறு வீங்கியிருப்பதால் வருகிற ரத்தம் அது. தினம் சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். நூலை வெளியே எடுக்கும்போது எப்போதும் ஒரே இடத்தில் பிசிறு பிசிறாகக் கிழிந்து வருகிறது என்றால் அங்கே மார்ஜின் சரியில்லை, சிமெண்ட் துருத்திக்கொண்டிருக்கிறது அல்லது சொத்தை தொடங்கியிருக்கிறது. அந்தப் பிசிறைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். எக்ஸ்ரேக்கு முன்னாலேயே டாக்டருக்கு அது பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நூல் பிடிக்க விரல் வராதவர்களுக்கு இடுக்கு பிரஷ் இருக்கிறது, பாட்டில் கழுவுகிற பிரஷைக் குட்டியாக்கினது மாதிரி இருக்கும். அளவுகள் உண்டு, தடையில்லாமல் போகும் பெரிய அளவை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பிரிட்ஜ், அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களின் கேப்போடு சேர்த்துச் செய்த பல், போட்டவர்களுக்கு இது கட்டாயம். பிரிட்ஜில் இரண்டு மூன்று பல் சேர்ந்தே இருப்பதால் மேலிருந்து நூல் இறங்காது. நடுவில் தொங்கும் செயற்கைப் பல்லுக்கு அடியில் பக்கவாட்டாக நுழைத்துத்தான் வழிக்க வேண்டும்.

எங்கம்மாவுக்கு இப்போது விரல் மூட்டு மடங்குவதில்லை. பிரஷ் கைப்பிடியில் பழைய சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டிக் கொடுத்தேன். தடியாக இருப்பதால் முழுக்கையால் பிடித்து, ராத்திரி வானொலிச் செய்தி முடியும்வரை உட்கார்ந்து நிதானமாகத் தேய்க்கிறது. அந்த முதல் கேப்பை எடுத்துவிட்டு நான் செய்து கொடுத்த முழு மெட்டல் கேப்புக்கு இப்போது 19 வயது. போன தடவை டாக்டர் கருவியின் முனையால் மார்ஜினைச் சுற்றி வந்தபோது எங்கேயும் சிக்கவில்லை.

பல்பொடி, கரி, உப்பு பற்றிக் கேட்பார்கள். வேண்டாம். சொரசொரப்பான பொடி செராமிக்கின் பளபளப்பைத் தேய்க்கும், அதைவிட மோசம், கோட்டுக்குக் கீழே இருக்கிற மிருதுவான வேரைக் குடைந்து பள்ளமாக்கும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பார்கள். அந்த வேல் வேம்பு இல்லை, வேலமரம். எந்தக் குச்சியானாலும் முன்பல் கேப்பால் கடித்து நைக்க வேண்டாம், விளிம்பில் செராமிக் தெறிக்கும். ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்குச்சி வைத்து இடுக்கைக் குத்துகிற பழக்கமும் இன்றோடு போகட்டும். திரும்பி வருகிற கேப்களின் விளிம்பில் ஊக்குக் கீறலை லென்ஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

படி 5: சாப்பாடும் கைவேலையும்

கேப் போட்டவர் எதையும் சாப்பிடக்கூடாது என்று இல்லை. சாதம், சப்பாத்தி, வேகவைத்த கறி, முறுக்கு எல்லாம் சாப்பிடலாம். செய்யக்கூடாதது, ஒரே இடத்தில் முழுப்பலத்தையும் இறக்குவது. நல்லி எலும்பை உறிஞ்சுங்கள், கடித்து உடைக்காதீர்கள். பொங்கலுக்கு மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற செங்கரும்பை முன்பல் கேப்பால் உரிக்காதீர்கள். கத்தியால் சீவி, துண்டு போட்டு, கடைவாயில் மெல்லுங்கள். ஐஸ்கட்டி கடிப்பது எந்தப் பல்லுக்கும் ஆகாது. பனங்கிழங்கு தின்ற அன்று ராத்திரி இடுக்கைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள், அதன் நார் மார்ஜினில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும்.

இனிப்பில் அளவைவிடத் தடவைதான் முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு பட்டதும் அரைமணி நேரம்போல வாயில் அமிலம் இருக்கும், அதன்பிறகு எச்சில் அதைச் சரிக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு ஜாங்கிரி தின்றால் ஒரு தடவை. காலையிலிருந்து ஆறு டீ, சர்க்கரை போட்டு, ஒவ்வொன்றையும் கால்மணி நேரம் உறிஞ்சினால் எச்சிலுக்கு ஓய்வே இல்லை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு கேப் ஓரத்தில் சொத்தை அதிகம் வருவதை நான் பார்த்திருக்கிறேன், பாதி டீயால்தான் என்று நினைக்கிறேன். டீயை விட முடியாது, எனக்கும் தெரியும். சர்க்கரையைக் குறைத்து, குடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

சாப்பாட்டைவிட கேப்பை அதிகம் உடைப்பது பல்லைக் கருவியாக்குவது. இது மதுரைக்கே உரிய சங்கதி என்றுகூடச் சொல்லலாம். பூக்கட்டுகிற அக்காமார்கள் நாரையும் நூலையும் பல்லால் கிழிப்பார்கள், ஒருநாளைக்கு நூறு தடவை, அதே முன்பல்லில். மாட்டுத்தாவணி பூமார்க்கெட்டில் கட்டுகிற ஒரு அக்காவுக்கு இரண்டு வருஷத்தில் ஒரே பல்லுக்கு மூன்று தடவை செராமிக் தெறித்தது. மூன்றாவது தடவை அவரைக் கீழே லேபுக்கு வரச்சொல்லி, கேப்பின் விளிம்பில் நூல் அறுத்த தடத்தைக் காட்டினேன். பிளேடு மாதிரி ஒரு குழி. "இம்புட்டு நூல் அறுத்துருக்கனா!" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குட்டிக் கத்தரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார், நாலு வருஷமாக அந்த கேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல்காரர்கள், மிக்சர் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறவர்கள், சோடா மூடி திறக்கிறவர்கள் எல்லாருக்கும் அதே கத்தரி வைத்தியம்தான்.

படி 6: ராத்திரி பல்லைக் கடிக்கிறவர்கள்

தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பது கடிக்கிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தனியாகப் படுப்பவர் என்றால் காலையில் தாடை கனக்கிறதா, பொட்டு வலிக்கிறதா என்று பாருங்கள். கேப்பின் மேல் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான தேய்மானத் திட்டு இருந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இதற்கு ராத்திரி மாட்டிக்கொள்ள ஒரு கெட்டியான அக்ரிலிக் தட்டு செய்து தருவார்கள். அதைப் பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரில் போட்டால் கோணிவிடும், பிறகு மாட்டினால் பல்லையே இழுக்கும்.

வெற்றிலை, புகையிலை, சர்க்கரை

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் பாக்கும் புகையிலையும் கேப்புக்கு மட்டுமில்லை, வாய்க்கே ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. கேப்பைப் பொறுத்தவரை, பாக்கின் கடினம் செராமிக்கைத் தெறிக்க வைக்கும், சுண்ணாம்பும் கறையும் மார்ஜினில் கல்லாகப் படியும், புகையிலை ஈறை இறக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், வந்தால் ஆறுவது தாமதம். ஈறும் எலும்பும் இறங்கினால் எவ்வளவு நல்ல கேப்பாக இருந்தாலும் பல்லே ஆடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருதடவை ஈறைக் காட்டுவது நல்லது.

படி 7: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

செக்கப்புக்குப் போனால் "இந்தப் பல்லுல கேப் இருக்கு, ஓரம் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் கருவியை வைத்து மார்ஜினைச் சுற்றி வருவார். எக்ஸ்ரே எவ்வளவு நாளைக்கு ஒருதடவை என்பதை உங்கள் வாயைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும், ஆனால் கேளுங்கள். மெட்டலும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் வெள்ளையாக மறைத்துவிடும், கேப்புக்கு அடியில் இருப்பது தெரியாது. ஓரமும் வேர்நுனியும் மட்டும்தான் தெரியும். ஓரத்தில் தொடங்குகிற சொத்தையை அங்கேயே பிடித்தால் சின்ன அடைப்போடு போகும்; கேப்புக்கு உள்ளே போய்விட்டால் கேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"கிளீனிங் பண்ணினா பல் ஆடும், கேப் கழண்டுரும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். நன்றாக உட்கார்ந்திருக்கிற கேப் சுத்தம் செய்வதால் கழலாது. கழன்றால் அது ஏற்கெனவே விட்டுப்போன கேப், அன்றைக்கு வந்தது நல்லதுதான். பணம்தான் தடை என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம்.

இடைப்பட்ட நாளில் நீங்களே கவனிக்க வேண்டியவை சில. கேப் போட்ட இடத்திலிருந்து கெட்ட வாடை அல்லது உப்புக்கரிக்கிற ருசி வந்தால், ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து மறைந்தால், நாக்கால் தள்ளும்போது கேப் அசைந்தால், மெல்லும்போது எச்சில் உள்ளே போய் வருகிற மாதிரி "சளக்" என்று உணர்ந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மெட்டல் மேல் செராமிக் போட்டவர்களுக்குச் சில வருஷத்தில் ஈறோரம் ஒரு கறுப்புக் கோடு தெரியும், சொத்தை என்று பதறி வருவார்கள். பெரும்பாலும் ஈறு இறங்கி உள்ளே இருக்கிற மெட்டலின் விளிம்பு தெரிவதுதான். பார்வைக்கு நன்றாக இராது, அவ்வளவே. இருந்தாலும் ஒருதடவை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 8: கேப் கழன்று கையில் வந்துவிட்டால்

பதற வேண்டாம், தூக்கியெறியவும் வேண்டாம். பல கேப்களை டாக்டர் திரும்ப ஒட்டித் தர முடியும். வாஷ்பேசினின் துளையை அடைத்துவிட்டு, தண்ணீரில் கழுவி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்தால் வீட்டில் யாராவது குப்பை என்று கூட்டிவிடுவார்கள், இது அடிக்கடி நடக்கிறது. உள்பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளைச் சிமெண்ட் மட்டும் இருந்தால் நல்ல சேதி, பல் துண்டு ஒட்டியிருந்தால் டாக்டரிடம் போகிற அவசரம் அதிகம். உள்ளே இருப்பதை ஊக்கால் சுரண்டாதீர்கள், மார்ஜின் வளைந்துவிடும். கடையில் கிடைக்கிற உடனடிப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈறு வெந்துபோகும், கோணலாக ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பதற்குள் கேப்பும் போகும், பல்லும் போகும்.

வெளியூரில் இருக்கிறீர்கள், முன்பல், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்றால், உள்ளே கொஞ்சம் பேஸ்ட் தடவி மாட்டி, மெதுவாகக் கடித்து உட்கார வைக்கலாம். அது முகம் காட்டத்தான். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் எடுத்துவிட வேண்டும், தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும், டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். விழுங்கினபிறகு விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். கழன்ற கேப்போடு ஓரிரு நாளுக்குள் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்தால், தற்காலிக கேப் கதைதான், பல் நகர்ந்திருக்கும்.

ஒரு அட்டை

கேப் போட்ட அன்று டாக்டரிடம் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: எந்த வகை, எந்தப் பல் நம்பர், என்ன தேதி. நம்பர் இரண்டு இலக்கத்தில் இருக்கும். கீழ்த்தாடை இடதுபக்க முதல் கடைவாய்ப் பல் 36, வலதுபக்கம் 46. ஜிர்கோனியா என்றால் பல கம்பெனிகள் வாரண்டி அட்டையே தருகின்றன. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அந்த கேப்பைத் தொட வேண்டி வந்தால், மெட்டலா ஜிர்கோனியாவா என்று தெரிந்திருந்தால் அதற்கேற்ற பர் (அறுக்கும் முனை) போட்டு அறுப்பார், ஒட்டியிருக்கிற மற்றப் பற்களுக்குச் சேதம் வராது. எங்கம்மாவின் அட்டை ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இருக்கிற அதே மஞ்சள்பையில் இருக்கிறது. என் கையெழுத்தில் 36, முழு மெட்டல், தேதி. அதன் பின்பக்கம் ஒவ்வொரு செக்கப் தேதியையும் அம்மா தானே எழுதி வைத்திருக்கிறது. அடுத்தது தை மாதம்.